காப்பீட்டு அட்டை: ஒழிப்பதா, திருத்துவதா?

(கே.கே. நகரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில தகவல்களைச் சேர்த்திருக்கிறேன்.)



இந்தக் கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் எல்லோரும் ஈஎஸ்ஐ மருத்துவமனையைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அசோக் பில்லர் பக்கமிருந்து வந்தவர்கள் நிச்சயமாகப் பார்த்திருப்பீர்கள். வாசலில் இளநீர் வண்டி, ஜெராக்ஸ் கடை, கையில் பிளாஸ்டிக் பையோடு நிற்கும் கூட்டம். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பழைய மருந்துச் சீட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. என் சித்தியின் பையிலும் இதெல்லாம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான், ஈஎஸ்ஐ எண்.

சித்தி எம்.ஜி.ஆர். நகரில் இருக்கிறார். அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. மாதம் 12,000 ரூபாய் சம்பளம். "ஈஎஸ்ஐக்குப் பிடிச்சிருக்கோம்" என்று சொல்லி மாதம் 90 ரூபாய் பிடித்தார்கள். கணக்கு சரிதான், தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. ஆனால் அந்த 90 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை. அவருடைய பெயரில் எண்ணே வாங்கப்படவில்லை என்பது, காலில் புண் வந்து மருத்துவமனை வாசலுக்குப் போய் நின்ற அன்றுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சித்தி அதற்குள் நோயாளியாக நுழைய முடியவில்லை.

பிறகு அவரைக் காப்பாற்றியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் தோழர்களில் பலர் "இன்சூரன்ஸ் என்பதே தனியாருக்குத் தாரை வார்ப்பது, ஒழிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அட்டை இல்லாமல் போயிருந்தால் சித்தி விரலோடு நின்றிருக்க மாட்டார், காலே போயிருக்கும்.

ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அட்டையில் கட்டணம் போனது. "ஸ்கேன் பேக்கேஜில் வராது" என்று சொல்லிக் கையிலிருந்தும் வாங்கினார்கள். அது இருக்கட்டும். திரும்பி வந்த சித்தி என்னிடம் கேட்டார்: "ஏண்டா தம்பி, விரல எடுக்கறதுக்குத் துட்டு குடுக்கறான். விரலு போவாம பாத்துக்கறதுக்குக் குடுக்க மாட்டானா?"

என் ஆய்வேட்டில் இருநூறு பக்கம் எழுதியும் இவ்வளவு தெளிவாக நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை, வாராவாரம் கட்டு மாற்றுவது, புண் படாமல் போடும் செருப்பு, வேலைக்குப் போகாத நாளின் கூலி, எதுவும் அட்டையில் கிடையாது. பெரும்பாலும் உள்நோயாளியாகப் படுக்க வேண்டும், பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும், அப்போதுதான் அட்டை பேசும். மாத்திரை நமக்கு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது, 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. அது வேறு திட்டம், வேறு பணம். அந்தப் பக்கம் போக வேண்டிய பணத்தை எந்தப் பக்கம் அனுப்புகிறோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

கொஞ்சம் பின்னால் போகலாம். 2007இல் ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். அதை நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். 2011இல் ஆட்சி மாறியது, திட்டம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரி 11 அன்று வேறு பெயரில், பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழியாகத் திரும்பி வந்தது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது, வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. அமெரிக்காவில் ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்வதா கூடாதா என்று 2017இல் உலகமே வேடிக்கை பார்க்க ஒரு சண்டை நடந்ததே, செனட்டில் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டி ரத்தைத் தோற்கடித்தாரே, அந்த 'ரத்து செய், மாற்று வை' நாடகத்தை நாம் ஆறு ஆண்டுக்கு முன்பே சத்தமில்லாமல் நடத்தி முடித்திருக்கிறோம். இரண்டு கழகங்களும் பெயருக்குச் சண்டை போட்டார்களே தவிர, முறையைக் கேள்வி கேட்கவில்லை.

இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கியது. ஐந்தாண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம், 1.37 கோடிக் குடும்பங்கள். பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். 2027 ஜனவரியில் அந்த ஐந்தாண்டு முடிகிறது. ஆகவே ஒழிப்பதா, திருத்துவதா என்பது நாள் குறித்த கேள்வி. யாரும் கேட்காவிட்டால் அதே நிபந்தனைகளோடு அடுத்த ஐந்தாண்டு கையெழுத்தாகும்.

இந்த 849 ரூபாயை மனதில் வையுங்கள். சித்திக்குச் சட்டப்படி ஈஎஸ்ஐ கட்டியிருந்தால் எவ்வளவு? அவர் பங்கு 90, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 390. மாதம் 480. ஆண்டுக்கு 5,760 ரூபாய். ஒரு குடும்பத்தின் காப்பீட்டு அட்டைக்கு அரசு கட்டுவதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். அதற்கு என்ன கிடைக்கும்? வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, படுக்கை, அறுவை சிகிச்சை, குடும்பத்துக்கும் சேர்த்து. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. நீண்டகால நோய்ப் பட்டியலில் இருந்தால் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை. பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுக்கூலி. வேலையில் அடிபட்டால், செத்தால், குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். சித்திக்கு ஏறக்குறைய நாளுக்கு 280 ரூபாய் வந்திருக்கும். அந்த மூன்று மாதமும் அவர் மைக்ரோ ஃபைனான்ஸில் கடன் வாங்கிச் சாப்பிட்டார். காப்பீட்டு அட்டை உடம்பைப் பார்க்கிறது, உழைப்பவரைப் பார்ப்பதில்லை.

ஈஎஸ்ஐ எங்கிருந்து வந்தது என்பதை நம் மேடைகளில் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை பாபாசாகேப் அம்பேத்கரிடம் இருந்தது. 1943இல் பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி ஆராயச் சொன்னார்கள். 1944இல் அறிக்கை வந்தது. 1948இல் ஈஎஸ்ஐ சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. எல்லாவற்றையும் அம்பேத்கர் ஒருவரே எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மிகை, அது அவருக்குத் தேவையும் இல்லை. அவர் பொறுப்பில் இருந்த துறையில் இது அடித்தளம் போடப்பட்டது, அவர் விலகிய பிறகு சட்டமானது. அந்த வரலாறே போதும். இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது 1942 டிசம்பரில். அதற்கு அடுத்த ஆண்டே, பஞ்சமும் போரும் நடந்துகொண்டிருந்த ஒரு காலனி நாட்டில், ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலக் கூலி வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

முக்கியமான விஷயம், அந்த ஏற்பாடு பில் மட்டும் கட்டவில்லை. மருத்துவமனை கட்டியது. டிஸ்பென்சரி கட்டியது. இதோ இந்த கே.கே. நகரில் மருத்துவக் கல்லூரி கட்டியது. காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அதில் தனி இடங்கள் உண்டு. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த கட்டடத்திலேயே டாக்டராகலாம். 2015 தொடக்கத்தில் ஈஎஸ்ஐ கழகம் "மருத்துவக் கல்வி எங்கள் வேலை இல்லை, விலகுகிறோம்" என்று அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோவைக் கல்லூரி மாநில அரசின் கைக்குப் போனது. கே.கே. நகர் கல்லூரி ஈஎஸ்ஐயிடமே நிலைத்தது. அன்று அது இழுத்து மூடப்பட்டிருந்தால் இன்று நமக்கு இந்த உதாரணமே இருக்காது.

இனி சாதிக்கு வருகிறேன். 'மருத்துவக் காப்பீட்டில் சாதி எங்கே வந்தது' என்று என் வழிகாட்டியின் அறையிலேயே ஒருவர் கேட்டார்.

அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் பணியிடம் நிரப்பப்படும்போது 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. செவிலியர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், எல்லாவற்றுக்கும் இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த அரசு மருத்துவருக்கு மேற்படிப்பில் தனி இடம் இருக்கிறது. அதை ஒழிக்கப் பார்த்தபோது இங்குள்ள அரசு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஆகஸ்டில் மாநிலத்தின் உரிமையை மீட்டார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இருக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் தலித்துகளும் பிற்படுத்தப்பட்டவர்களும் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களாக உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை, நூறு ஆண்டு அரசியல்.

காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் தனியார் மருத்துவமனைக்கு என்ன நிபந்தனை? இத்தனை படுக்கை, இன்ன வசதி, தரச்சான்று. அங்கே யாரை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று அரசு கேட்பதில்லை. ஆக, இடஒதுக்கீடு உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு வரிப்பணம் நகர்கிறது. அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நீட் தேர்வை எதிர்த்து நாம் கத்தினோம், சரிதான். இதை யாரும் கவனிக்கவில்லை.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கும் இந்தத் திட்டத்திலிருந்து பணம் வருகிறது, அதில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது, கருவிகள் வாங்க உதவுகிறது. உண்மை. இன்னொன்று, சித்தி சொன்னது: "அங்க என்ன யாரும் ஏய்னு கூப்புடல. அம்மான்னு கூப்ட்டாங்க." இதைக் கேட்டு எனக்குப் பதில் வரவில்லை. அரசு மருத்துவமனை வராந்தாவில் அதட்டல் வாங்காமல் திரும்பிய சேரிக்காரர் எத்தனை பேர்? துப்புரவுப் பணியைக் காண்ட்ராக்டுக்கு விட்டு, அங்கே மட்டும் தலித்துகளை நிரப்பி வைத்திருப்பதும் அதே அரசு மருத்துவமனைதான். 69 விழுக்காடு காண்ட்ராக்டுக்குப் பொருந்தாது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனையின் கதவை அந்த அட்டை நமக்குத் திறந்தது என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் கதவு திறந்ததும் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு வடக்கே ஒரு பாடம் இருக்கிறது. முந்தைய ஒன்றியக் காப்பீட்டுத் திட்டம், ஆர்எஸ்பிஒய், ஏழைகளுக்கு 30,000 ரூபாய் வரை. பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தனியார் மருத்துவமனைகள் அந்தப் பணத்துக்காகத் தேவையே இல்லாமல் பெண்களின் கருப்பையை எடுத்தன. ராஜஸ்தானிலும் இதே புகார். மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகப் பெண்கள் என்பது அந்த வழக்கின் பதிவில் இருக்கிறது. அறுத்தால்தான் பணம் என்று திட்டம் போட்டால், யாரை அறுப்பார்கள்? எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாதவரை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் பற்றிய தணிக்கை அறிக்கை வந்தது. 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள். சிரிக்காதீர்கள் தோழர், அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு ஓடிபி எந்தப் போனுக்குப் போகும்?

சரி, அப்படியானால் ஒழித்துவிடலாமா? நான் வேண்டாம் என்கிறேன். என் காரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது, ஒபாமாவிடமிருந்து அல்ல, அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பிருந்து.

1960களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பருக்குத் தனி மருத்துவமனை, அல்லது ஒரே மருத்துவமனையில் தனி வார்டு. பல இடங்களில் ரத்தத்தைக்கூடப் பிரித்து வைத்தார்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதன் ஆறாவது பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனப்பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அடுத்த ஆண்டு முதியோருக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர், சட்டமானது. 1966 ஜூலை 1 முதல் பணம் பட்டுவாடா. அரசு ஒரு நிபந்தனை வைத்தது: வார்டைப் பிரித்து வைத்திருந்தால் மெடிகேர் பணம் கிடையாது. கறுப்பு மருத்துவர்களும் குடிமை உரிமை இயக்கத்தாரும் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ச் சரிபார்க்க உதவினார்கள். சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இனப்பிரிவினையைக் கைவிட்டன. வழக்கு மன்றங்கள் பல ஆண்டு முயன்று நடக்காதது, காசோலையை நிறுத்துவோம் என்றதும் நடந்தது. மனம் மாறியா மாற்றினார்கள்? பணம் வேண்டுமே.

நம் கையில் ஆண்டுக்கு ஆயிரத்து நூறு கோடி ரூபாய் இருக்கிறது தோழர்களே. நாம் அதற்கு ஒரு நிபந்தனைகூட வைக்கவில்லை.

என்னென்ன வைக்கலாம்? திட்டப் பணம் வாங்கும் தனியார் மருத்துவமனை தன் ஊழியர்களின் சமூகப் பிரிவு வாரியான கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நாளைக்கே இடஒதுக்கீடு கொடு என்று கேட்டால் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு ஓடும் என்று தெரியும், கணக்கைக் காட்டு என்பதில் தொடங்கலாம். அங்கே கழிப்பறை கழுவும், பிணத்தைத் தள்ளிச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஈஎஸ்ஐ எண் இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டாமல் ஒரு ரூபாய்கூட விடுவிக்கக் கூடாது. அட்டை வைத்திருப்பவரிடம் மேல்பணம் வாங்கினால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அந்தப் பட்டியலை வாசலில் ஒட்ட வேண்டும். கருப்பை நீக்கம் போன்ற அறுவை சிகிச்சைகளை முதலில் அரசு மருத்துவமனை பரிந்துரைத்தால் மட்டும் அனுமதிக்கலாம். அரசு மருத்துவமனையில் செய்ய முடிகிற சிகிச்சைக்கான பணம் அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும். கிண்டியில் 2023இல் ஆயிரம் படுக்கையோடு திறந்த மருத்துவமனை இங்கிருந்து ஆட்டோ தூரம். கட்ட முடியும் என்று காட்டியாகிவிட்டது.

ஈஎஸ்ஐ பக்கமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து சம்பள வரம்பு 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஓவர்டைம் இல்லாமலே அதைத் தாண்டிய தொழிலாளி வெளியே தள்ளப்படுகிறார். 1948 சட்டம் இப்போது சட்டமாக இல்லை. ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பத்துப் பேர் இருந்தால்தான் கட்டாயம் என்ற பொதுவிதி அதிலும் தொடர்கிறது. இந்தத் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு முதலாளி நாலு பேர், நிறுவனம் ஒன்றுகூட இல்லை. அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டது காப்பீட்டு அட்டை இல்லை, தனியாரிடம் தள்ளாத வேலை. நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்திய மறுநாள் அரசு அறிவித்த சலுகைகளில் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரும் திட்டம் ஒன்று. நல்லதுதான். ஆனால் நோயைக் கொடுக்கும் வேலை முறையைத் தொடாமல் நோய்க்கு மட்டும் திட்டம் போடுவது, சித்தியின் விரலுக்கு நடந்ததேதான்.

சித்தியின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று முன்வரிசைத் தோழர் கேட்டார். காண்ட்ராக்டர் கட்டாவிட்டாலும் வேலை வாங்கிய முதன்மை முதலாளிதான் பங்களிப்பைக் கட்டக் கடமைப்பட்டவர் என்று 1948 சட்டத்தின் 40ஆவது பிரிவு சொன்னது. அவர் வேலை பார்த்த காலத்துக்கு அந்தச் சட்டம்தான் பொருந்தும் என்று எழுதிப் புகார் கொடுத்திருக்கிறோம். ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. சித்தி தன்னுடைய நீலச் சீருடையை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். அடுத்த மாதம் மறுபடியும் போக வேண்டும்.

காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு வைக்க வேண்டிய நிபந்தனைகளை ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒத்துவராததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களில் ஐடி கம்பெனியில் இருப்பவர்கள், உங்கள் மாடியைத் துடைக்கும் அக்காவிடம் நாளைக் காலை ஈஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். மனுவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் சித்தி. பேனா அவரிடம் இருக்கிறது.